குதிர வெயிட் டேப், வாங்கலாமா?

நுவரெலியாவுல சவாரிக்கு விடுற நம்ம மட்டக்குதிரைக்கு ஆன்லைன்ல ஒரு வெயிட் டேப் எடுத்தேன், முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சச் சுத்தி புடிச்சா கிலோ காட்டும், 340ன்னு காட்டுச்சு. நம்பவே இல்ல! ஆனா டேப்ப விட கைதான் நல்லா சொல்லுது, விலாவ தடவுனா எலும்பு தட்டுப்படணும், நம்மாளுக்கு தேடணும், கழுத்து மேடும் கல்லு மாதிரி. மிருக டொக்டர் உடம்புக் கொழுப்புக்கு 9க்கு 8 போட்டாரு (இதுல 5தான் நல்ல மார்க்), இப்பிடியே விட்டா குளம்புக்குள்ள வீங்கி நொண்டிரும்னாரு. சீசனுக்கு வர்றவங்க ஊட்டுற கேரட்டும் பாணும் செஞ்ச வேல. டேப் மழையில நனைஞ்சா நீளுது, கிலோவும் துல்லியமில்ல, ஆனா வாராவாரம் ஒரே எடத்துல புடிச்சா கூடுதா கொறையுதான்னு தெரியும். 5க்கு 3 ஸ்டார்.