மலைச்சாலையில் பயண டிரெய்லர்: நீண்ட நாள் உபயோகத்தில் தெரிந்தவை

காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும், தங்கும் வசதியுள்ள பயண டிரெய்லரை மலைக்கு இழுத்துப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது எஞ்சின் சக்தியைப் பற்றித்தான். ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் வேகம் குறையும், அவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் தப்பிக்க வழியே இருக்காது. செலவும் கவனமும் முதலில் பிரேக்குக்கும் பாரத்துக்கும்தான் போக வேண்டும்.

டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக ஹிட்ச் (காரோடு டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் இறங்க வேண்டும். 2,000 கிலோ டிரெய்லருக்கு 200 முதல் 300 கிலோ. இதற்குக் குறைந்தால் இறக்கத்தில் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். பலரும் கோட்டை விடுவது தண்ணீர்த் தொட்டியில். அச்சுக்குப் பின்னால் இருக்கும் 150 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 150 கிலோ பின்பாரம் கூடிவிடும். அதனால் கிளம்பும்போது இருக்கிற பாரத்தோடுதான் எடை போட்டுப் பார்க்க வேண்டும். ஆட்டம் வந்துவிட்டால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலரில் (டிரெய்லரின் மின்பிரேக்கை இயக்க காருக்குள் இருக்கும் கருவி) உள்ள கை லீவரால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள்.

கன்ட்ரோலரில் விலை குறைந்த வகை, கார் எவ்வளவு வேகமாக நிற்கிறது என்பதைப் பார்க்காமல், அமைத்து வைத்த அளவுக்கு மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போகும். மலைக்கு அது வேண்டாம். காரின் வேகம் குறைவதை உணர்ந்து அதே அளவில் பிரேக் தரும் வகையே சரி. சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் லீவரை முழுதாகத் தள்ளிப் பார்த்து, டிரெய்லர் நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது என்ற இடத்தில் அளவை நிறுத்துங்கள்.

இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்துக் கீழ் கியருக்கு வந்துவிட வேண்டும். வேகம் 60-ஐத் தொட்டால் அழுத்தமாகப் பிரேக் போட்டு 50-க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்கினால் பிரேக் டிரம் சூட்டில் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூ எட்டாமல் பிடிமானம் போய்விடும்.

நான் மிகவும் நம்பும் கருவி, தொடாமல் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி. இறங்கி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும் (நடுப்பகுதி) காட்டுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் பேரிங் போகிறது, அல்லது பிரேக் விடாமல் உரசுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் காரணம் மின்பிரேக்கை இயக்கும் காந்தத்தின் தேய்மானம் அல்லது ஒயர். அச்சுக் குழாய்க்குள் ஓடும் ஒயர் குலுங்கிக் குலுங்கி உறை தேய்ந்து உலோகத்தில் பட்டுவிடும். பழுதான பிறகு குழாய்க்கு வெளியே புது ஒயர் ஓட்டி, கிளிப் போட்டு இறுக்குவதே நிரந்தரத் தீர்வு.

பேரிங்குக்கு வருடம் ஒருமுறை கிரீஸ் மாற்றுங்கள். டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வயதுக்கு மேல் நம்பக் கூடாது. பக்கவாட்டில் 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. சக்கரம் கழற்றி மாட்டினால் 15, 40, 80 கிலோமீட்டரில் நட்டின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு முறுக்கும் ஸ்பேனர்) மீண்டும் பாருங்கள்.

டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். சூடு ஏறினால் ஏசியை அணைத்து, மெதுவாக ஏறுங்கள்.

பாதையின் அளவுக் கட்டுப்பாட்டையும் முன்கூட்டியே பாருங்கள். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில், காரும் டிரெய்லரும் சேர்ந்து 21 அடி நீளத்தைத் தாண்டினால் அனுமதியில்லை. இப்படிப்பட்ட இடங்களில் டிரெய்லரை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு, காரில் மட்டும் போய் வருவதே வழி.