அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் உள்ளே விடவில்லையா? எந்த வழி, எந்த நிலையில்

அப்டேட் முடிந்து லேப்டாப் திரும்ப எழுந்ததும் லாகின் திரையிலேயே நின்றுவிட்டால், பலரும் நேராக ரீசெட் அல்லது ஃபார்மட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது கடைசி வழி. அதற்கு முன்னால் நான்கைந்து வழிகள் உண்டு. எது உங்களுக்கு என்பதைத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதே சொல்லிவிடும். எதையும் அழுத்தும் முன் அந்தத் திரையை போனில் படம் எடுத்து வையுங்கள், சார்ஜரைச் செருகுங்கள்.

பின் எண்ணா, பாஸ்வேர்டா?

‘ஏதோ நடந்தது, உங்கள் பின் எண் கிடைக்கவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். பின் எண் அந்த ஒரு கருவிக்கு மட்டும் உரியது. ரகசியச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்போடு பிணைக்கப்பட்டிருக்கும். அப்டேட் அந்தப் பிணைப்பைக் குலைத்தால் எண் செல்லாமல் போகும், ஆனால் பாஸ்வேர்டுக்கு ஒன்றும் ஆகாது. ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’ அழுத்தி, சாவிப் படத்தைத் தேர்ந்து, பாஸ்வேர்டால் நுழைந்துவிடலாம். உள்ளே போனபின் செட்டிங்ஸில் பழைய பின் எண்ணை நீக்கிப் புதிதாக வைத்துக்கொள்ளலாம்.

சாவிப் படமே தெரியவில்லையா? 2025 ஆகஸ்ட் முன்னோட்ட அப்டேட்டுக்குப் பிறகு சில விண்டோஸ் 11 கருவிகளில் அந்தப் படம் மறைந்துபோனதை மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டது. படம் இருக்க வேண்டிய வெற்றிடத்தில் மவுஸைக் கொண்டுபோனால் பட்டன் அங்கேதான் இருக்கும், வேலையும் செய்யும்.

‘ஐ ஃபர்காட் மை பின்’ என்பது இதற்குப் போட்டியான வழி. அதற்கு இணையம் வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டும் போனுக்கு வரும் குறியீடும் வேண்டும். பாஸ்வேர்டு நினைவில் இருந்தால் முதல் வழியே மேல். ஒரு நுணுக்கம்: போனில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு லேப்டாப்பில் புதியதை அடித்தால், லேப்டாப் இணையத்தில் இல்லாதவரை அது பழைய பாஸ்வேர்டைத்தான் ஏற்கும். லாகின் திரையின் மூலையில் உள்ள வைஃபை படத்தை அழுத்தி முதலில் இணையுங்கள்.

பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) போய் டிபிஎம்மை அழித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின் எண் நிரந்தரமாகப் போகும், அடுத்த முறை வட்டு பூட்டிக்கொண்டு ரெக்கவரி கீயை, அதாவது வட்டைத் திறக்கும் 48 இலக்கச் சாவியை, கேட்கும்.

நீலத் திரையில் 48 இலக்கம் கேட்டால்

இது லாகின் கோளாறு அல்ல, வட்டைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு பல கருவிகள் இந்தத் திரையில் நின்றன, ஆகஸ்ட் அப்டேட்டில் சரிசெய்தார்கள். இங்கே மாற்று வழி எதுவும் இல்லை, சாவி வேண்டும். வேறொரு போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து ரெக்கவரி கீ பகுதியைப் பாருங்கள். பல சாவிகள் இருந்தால், திரையில் உள்ள கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒத்துப்போவதே உங்களுடையது. அலுவலக லேப்டாப் என்றால் சாவி அங்குள்ள கணினித் துறையிடம் இருக்கும்.

சாவி போட்டும் அதே திரை திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. 2025 மே மாதம் விண்டோஸ் 10-இல், பத்தாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் வி-ப்ரோ (அலுவலகப் பயன்பாட்டுக்கான) சிப் உள்ள கருவிகளில் இது நடந்தது. பயாஸில் இன்டெல் டிஎக்ஸ்டி, விடி-டி என்ற இரண்டு அமைப்புகளையும் அணைத்து உள்ளே நுழைந்து, தனியாக வெளியிட்ட திருத்த அப்டேட்டைப் போட வேண்டியிருந்தது.

அப்டேட்டை நீக்குவதா, சிஸ்டம் ரீஸ்டோரா?

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் கறுப்புத் திரை வந்தாலோ, லாகினுக்கே திரும்பினாலோ தீர்வு இந்த இரண்டில் ஒன்றுதான். இரண்டுக்கும் வாசல் ஒன்றே. லாகின் திரையின் பவர் படத்தில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். திரையே வராவிட்டால், விண்டோஸ் தொடங்கும்போது பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். தொடர்ந்து மூன்று முறை இப்படிச் செய்தால், விண்டோஸைப் பழுதுபார்க்கும் ரெக்கவரி சூழல் தானே திறக்கும். அங்கே ட்ரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போங்கள். பிட்லாக்கர் சாவியை இங்கும் கேட்கலாம், கையில் வைத்திருங்கள்.

‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ உள்ளே இரண்டு தேர்வுகள் இருக்கும். மாதாமாதம் வருவது குவாலிட்டி அப்டேட், பதிப்பையே மாற்றும் பெரியது ஃபீச்சர் அப்டேட். நேற்று வந்தது எதுவோ அதை மட்டும் நீக்குங்கள். ஃபீச்சர் அப்டேட்டை நீக்கப் பொதுவாகப் பத்து நாள்தான் அவகாசம், பிறகு பழைய பதிப்பின் கோப்புகளை விண்டோஸ் அழித்துவிடும்.

சிஸ்டம் ரீஸ்டோர் இன்னும் அகலமானது. முன்பே சேமித்து வைத்த ஒரு நிலைக்கு, அதாவது ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டுக்கு, விண்டோஸைத் திருப்பும். அப்டேட்டோடு, அந்தப் புள்ளிக்குப் பிறகு வந்த டிரைவர்களும் மென்பொருள்களும் சேர்ந்து பின்னுக்குப் போகும். உங்கள் ஆவணங்களைத் தொடாது. அப்டேட்டோடு கைரேகை டிரைவரோ ஆன்டிவைரஸோ மாறியிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் இதுவே நல்லது. சிக்கல் ஒன்றுதான்: ரீஸ்டோர் பாயின்ட் இருந்தால்தான் பலிக்கும், பல கருவிகளில் அந்த வசதி அணைந்தே கிடக்கிறது.

என் தேர்வு: முதலில் அப்டேட் நீக்கம். குறைவாகத் தொடுகிறது, எது காரணம் என்பதும் தெளிவாகிறது. பலிக்காவிட்டால் ரீஸ்டோர்.

ரெக்கவரி சூழலில் கீபோர்டும் மவுஸும் அசையாமல் போனதும் உண்டு. 2025 அக்டோபர் அப்டேட் அங்கே யூஎஸ்பி சாதனங்களை முடக்கியது, சில நாளில் திருத்தம் வந்தது. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு பல மாடல்களில் யூஎஸ்பி வழி இணைவதில்லை, அதை முயலுங்கள். அதுவும் இல்லையென்றால் வேறு கணினியில் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் நிறுவியைத் தயாரித்து, அதிலிருந்து தொடங்கி, ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ அல்லது ‘ரிப்பேர் மை பிசி’ வழியாக அதே இடத்துக்குப் போகலாம்.

ரீசெட்டா, கோப்புகளை வெளியே எடுப்பதா?

மேலே சொன்ன எதுவும் பலிக்காதபோதுதான் இந்தக் கேள்வி. ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தால் உங்கள் கோப்புகள் இருக்கும், நிறுவிய மென்பொருள்கள் அத்தனையும் போகும். டேலி, அச்சு டிரைவர், தமிழ்த் தட்டச்சுக் கருவி எல்லாம் மறுபடி போட வேண்டும். விண்டோஸை இணையத்திலிருந்து புதிதாக இறக்கும் ‘கிளவுட் டவுன்லோடு’ 4 ஜிபிக்கு மேல் டேட்டா தின்னும். 2025 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பிறகு, குறிப்பிட்ட பாதுகாப்பு வசதிகள் இயங்கிய சில கருவிகளில், இந்த ரீசெட்டைச் செய்தவர்களுக்கே முகமும் பின் எண்ணும் வேலை செய்யாமல் போயின.

ஆகவே முதலில் கோப்புகளை எடுத்துவிடுங்கள். ரெக்கவரி சூழலின் கமாண்ட் ப்ராம்ப்டில் notepad என்று தட்டி நோட்பேடைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, வகையை ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் வட்டு முழுதும் தெரியும். அங்கிருந்தே ஃபோல்டரை வலது கிளிக் செய்து பென்டிரைவுக்கு காப்பி எடுக்கலாம். டிரைவ் எழுத்துகள் அங்கே மாறியிருக்கலாம், சி இருக்கும் இடத்தில் டி வரலாம். கோப்புகள் நிறைய இருந்தால், இலவச இயங்குதளமான உபுண்டு உள்ள பென்டிரைவில் தொடங்குவது வசதி. பிட்லாக்கர் வட்டானாலும் 48 இலக்கச் சாவியைக் கொடுத்தால் திறக்கும்.

நுழைந்த உடனே விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘பாஸ்’ (Pause) கொடுத்து ஒரு வாரமாவது நிறுத்தி வையுங்கள். நிறுத்தாவிட்டால் நீக்கிய அதே அப்டேட் இரவோடு இரவாகத் திரும்ப இறங்கும். அந்த வாரத்துக்குள் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி, லேப்டாப் பையில் அல்லாமல் வேறெங்காவது வையுங்கள்.