இங்கிலீஷ் வகுப்பில் பணப் பேச்சு: கேள்வித்தாளா, கற்பனைக் குடும்பமா, கரன்ட் பில்லா?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர்கள் குடும்பம், சாப்பாடு, சொந்த ஊர், பிடித்த சினிமா என்று நாலைந்து தலைப்பை முடித்ததும் பணத்துக்கு வந்து நிற்பார்கள். வரத்தான் வேண்டும். சினிமா பார்க்காதவர் உண்டு, பணத்தைத் தொடாதவர் இல்லை. வரவு செலவைப் பற்றி எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். அடுத்தவர் செலவைப் பற்றி என்றால் இரண்டு இருக்கும். இவ்வளவு இருந்தும் இந்தத் தலைப்பு பல வகுப்புகளில் படுத்துவிடுகிறது. எடுக்கிற விதம்தான் காரணம்.

மூன்று விதம் புழக்கத்தில் இருக்கிறது. கேள்விப் பட்டியலைக் கையில் கொடுத்து ஜோடி ஜோடியாகப் பேசவிடுவது ஒன்று. கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடுத்து அதன் பட்ஜெட்டைப் போடச் சொல்வது இன்னொன்று. கரன்ட் பில், பாஸ்புக், அடகு ரசீது என்று நிஜத் தாளை மேசையில் வைத்துப் பேசுவது மூன்றாவது. நான் திருப்பூரில் மாலை வகுப்பு எடுப்பவன். பனியன் கம்பெனி சூப்பர்வைசர், கல்லூரிப் பெண், பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வரும் அம்மா, வெளிநாடு போக ஐஈஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வு எழுதும் நர்ஸ் எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள். என் தீர்ப்பு அந்த அறையை வைத்துத்தான்.

முதலில் கேள்விப் பட்டியல். ஆசிரியருக்கு இதைவிடச் சுலபம் கிடையாது. மாதச் சம்பளத்தில் எவ்வளவு சேமிக்கிறீர்கள், நண்பரிடம் கடன் வாங்கியது உண்டா, கிரெடிட் கார்டு வைத்திருக்கிறீர்களா, சின்ன வயதில் பாக்கெட் மணி எவ்வளவு, லாட்டரி விழுந்தால் என்ன செய்வீர்கள். இணையத்தில் தேடினால் நூறு கேள்வி கிடைக்கும். பிரின்ட் எடுத்தால் வகுப்பு தயார்.

இந்தக் கேள்விகளை எழுதியவர் எந்த வாழ்க்கையை மனதில் வைத்து எழுதினார் என்று பாருங்கள். திருப்பூரில் தையல், செக்கிங், அயர்ன் வேலையில் இருப்பவர்களுக்கு வாரச் சம்பளம்; சனிக்கிழமை கைக்கு வரும். மாதச் சம்பளத்தைக் கேட்டால் முதலில் ஒரு பெருக்கல் போட்டாக வேண்டும். லாட்டரியைத் தமிழ்நாட்டில் 2003-லேயே தடை செய்தாகிவிட்டது. இருபது வயதுப் பிள்ளைகள் அந்தச் சீட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மாதாமாதம் கட்டும் ஏலச்சீட்டு, நகைக்கடன், மொய் ஆகியவை பட்டியலில் எங்கேயும் இல்லை. நம் வீடுகளில் பெரிய தொகை கை மாறுவதெல்லாம் இந்த மூன்றில்தான்.

இதைக்கூட மாற்றி எழுதிக்கொள்ளலாம். கேள்வி நேராக ஒருவருடைய பையைத் தொடுகிறது என்பதுதான் மாற்ற முடியாத குறை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார், நாமும் ஏதோ ஒரு தொகையைச் சொல்லிவைப்போம். அதனால் பணம் பேச நமக்குக் கூச்சமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சம்பளத்தைச் சொல்வார்கள், கடனைச் சொல்ல மாட்டார்கள். வளையல் அடகில் இருப்பது மாமியாருக்கே தெரியாது. வகுப்பில் எப்படிச் சொல்வது? சூப்பர்வைசரும் அவர் லைனில் தைப்பவரும் ஜோடியாகிவிட்டால் இன்னும் மோசம். “டூ யூ சேவ் மணி?” “யெஸ், ஐ சேவ்.” “ஹவ் மச்?” “சம்.” இதில் திருத்த ஒரு பிழையும் இல்லை. பேச்சும் இல்லை.

பட்டியலுக்கு ஒரே ஒரு இடத்தில் முழு மரியாதை உண்டு, அது தேர்வு. ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். நடுப்பகுதியில் ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். விலை கூடிய பொருள் ஒன்று வாங்கியது, எதற்காகவோ பணம் சேர்த்தது போன்றவை அதில் வரக்கூடிய தலைப்புகள். அதற்குக் கேள்வி பதிலாகவே பழக வேண்டும். அங்கே மதிப்பெண் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்குக்குத்தான். சொல்வது உண்மையா என்று யாரும் பார்ப்பதில்லை. வாங்காத லேப்டாப்பை வாங்கியதாகச் சொல்லலாம் என்று தெரிந்ததும் சிலருக்கு வாய் திறந்துவிடும்.

அந்தத் திறப்பைப் பார்த்தால் அடுத்த வழி ஏன் வேலை செய்கிறது என்பதும் விளங்கும்.

கற்பனைக் குடும்பத்தை நான் இப்படி வைப்பேன். கணவன் தையல், வாரம் 6,000. மனைவி செக்கிங், வாரம் 3,000. நாலு வாரத்துக்கு 36,000. வாடகை 7,500, மளிகை காய்கறி பால் 9,000, பள்ளிக்கும் வேனுக்கும் 3,500, வண்டி டியூ 3,200, சீட்டு 5,000, அம்மாவின் மாத்திரை 1,800, கேஸ் கரன்ட் ரீசார்ஜ் சேர்த்து 2,500, பெட்ரோலும் டீயும் 3,000. கூட்டினால் 35,500. மிச்சம் 500. நாலு பேர் கொண்ட குழுவில் இந்த விவரத்தைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்: ஒருவருக்கு வரவு மட்டும், ஒருவருக்கு வீட்டுச் செலவு, ஒருவருக்குக் கடனும் சீட்டும், நாலாமவருக்கு இனிமேல் வரப்போகும் சங்கதிகள். கேட்டால்தான் தெரியும் என்பதால் கேட்டே ஆக வேண்டும். அப்புறம் நாலாமவர் ஒரு அட்டையைத் திறப்பார்: ஆர்டர் இல்லை, கம்பெனி ஒரு வாரம் லீவு. 9,000 போச்சு. அடுத்த அட்டை: நாத்தனார் மகளுக்குச் சடங்கு, தாய்மாமன் சீர் செய்தாக வேண்டும்.

இதற்குப் பிறகு நான் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம். சீட்டை ஒரு மாதம் கட்டாமல் விடலாம் என்று கல்லூரிப் பெண் சொல்வாள். “நோ நோ, யூ கான்ட் ஸ்கிப் சீட்டு!” என்று மூன்று அம்மாக்கள் ஒன்றாகக் கத்துவார்கள். சீரைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு அறையே இரண்டாகும். முதல் முறையில் ‘சம்’ என்று நிறுத்தியவர்தான் இங்கே அதிகம் பேசுவார், ஏனென்றால் எண்ணெய் விலையும் வேன் காசும் அவருக்குத்தான் தெரியும். கொடுத்த பட்டியலில் டாஸ்மாக் என்ற வரியே கிடையாது. ஆனால் அந்த 3,000 டீயும் பெட்ரோலும்தானா என்று யாராவது சந்தேகப்படாமல் இருந்ததில்லை.

மொழி லாபமும் இங்கேதான் பெரிது. கேள்விப் பட்டியலில் வருவது பெரும்பாலும் எளிய நிகழ்காலம்: சேமிக்கிறேன், வாங்குகிறேன், சில நேரம், எப்போதாவது. கற்பனைக் குடும்பத்தில் ‘ஷுட்’ (should), ‘குட்’ (could), ‘இஃப்’ (if) இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. மறுக்க வேண்டும், பேரம் பேச வேண்டும், விட்டுக்கொடுக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் இவர்களுக்குத் தேவைப்படும் இங்கிலீஷும் இதுதான்.

கணக்கிலும் வாதம் ஒளிந்திருக்கும். வாடகை மாதத்துக்கு, சம்பளம் வாரத்துக்கு. வருஷத்தில் குறைந்தது நாலு மாதத்திலாவது ஐந்து சனிக்கிழமை வரும். அந்த ஐந்தாவது சனிக்கிழமைப் பணம் எங்கே போகும் என்று கேட்டுப் பாருங்கள். அதேபோல் இந்தக் குடும்பத்துக்கு மகளிர் உரிமைத்தொகை 1,000 கிடைக்குமா என்ற கேள்வி. 2023 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது வைத்த விதிப்படி குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். வாரம் 9,000 என்றால் 52 வாரத்துக்கு 4,68,000. கிடைக்காது என்று ஒருவர் சொல்ல, எங்கள் தெருவில் வாங்குகிறார்களே என்று இன்னொருவர் ஆரம்பிக்க, நேரம் போவதே தெரியாது.

குறைகளும் உண்டு. தயாரிக்க ஒரு சாயங்காலம் ஆகும், விலைவாசியை அவ்வப்போது மாற்றி எழுத வேண்டும். ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் திணறுவார்கள். சண்டை சூடானதும் எல்லாரும் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். அதைத் தடுக்கப் போனால் சண்டையே நின்றுபோகும். நான் தாவ விட்டுவிடுவேன். முடிவை மட்டும் ஒவ்வொரு குழுவும் எழுந்து நின்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். கற்பனைக் குடும்பத்துக்கு யோசனை சொல்லிக்கொண்டே இருப்பவர் ஒரு கட்டத்தில் “இன் மை ஹவுஸ் ஆல்சோ” என்று தானாகவே தன் கதைக்கு வந்துவிடுவார். நேராகக் கேட்டிருந்தால் அந்தக் கதை வந்திருக்காது.

மூன்றாவது வழி நிஜத் தாள். வகுப்பு சிறியதாக இருந்தால், அல்லது ஒருவருக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால், இதுதான் சிறந்தது. பெரிய வகுப்புக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கரன்ட் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. நடுவில் 101 முதல் 200 வரை இருந்த குறைந்த விலையும் போய்விடும். ஒரு யூனிட் தாண்டியதற்கு ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று விளக்கச் சொன்னால், ‘இஃப்’ வாக்கியம் சொல்லிக்கொடுக்கப் பாடப்புத்தகமே வேண்டாம். கோடையில் ஏசி போட்ட வீடுகளில் நடக்கும் வாக்குவாதத்தை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுவரலாம்.

பாஸ்புக்கில் முதல் தடுமாற்றம் ‘கிரெடிட்’ பத்தியில் வரும். கிரெடிட் கார்டு என்றால் கடன் என்று பழகியவர்கள், அந்தப் பத்தியில் இருப்பது வந்த பணம் என்று தெரிந்ததும் விழிப்பார்கள். அப்புறம் எண்கள். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இங்கிலீஷ் உச்சரிப்பில் அழுத்தம் விழும் இடம்தான் முக்கிய வித்தியாசம். சினிமா பேசும்போது அது தவறினால் ஒன்றும் ஆகாது, கவுன்டரில் தவறினால் ஆகும். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்த தொகை, எஸ்எம்எஸ் கட்டணம், ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் போன்ற சின்னச் சின்ன வரிகளைக் காட்டி, இது எதற்கு என்று மரியாதையாகவும் விடாமலும் கேட்கப் பழக்கலாம். கேஒய்சி புதுப்பிக்க வேண்டும், ஓடிபி சொல்லுங்கள் என்று வரும் போலி அழைப்பையும் இதோடு சேர்த்துக்கொள்வேன். நான் மோசடிக்காரன், அவர்கள் மறுக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இங்கிலீஷில் ‘முடியாது’ என்று சொல்ல வராது, ‘சாரி சார்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். பணம் போய்விட்டால் கூப்பிட வேண்டிய 1930 என்ற எண்ணையும் அப்படியே மனப்பாடம் ஆக்கிவிடலாம்.

தாள் யாருடையது என்பதில்தான் சிக்கல். மாணவர்களை எடுத்துவரச் சொன்னால் கேள்விப் பட்டியலின் தொல்லை இரண்டு மடங்காகத் திரும்பும். வாயால் மறைக்க முடிந்ததைத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். பெயரையும் கணக்கு எண்ணையும் மையால் அடித்த பழைய தாள், அல்லது ஆசிரியருடைய கரன்ட் பில் போதும். என் பில்லைப் பார்த்து வகுப்பு சொல்லும் அறிவுரைகளைக் கேட்டுக்கொள்ள எனக்கும் கொஞ்சம் பொறுமை தேவைப்படுகிறது.

மூன்றிலும் சேராத ஒன்று, எனக்கு இவற்றைவிடப் பிடித்தது: ஏலச்சீட்டை வெளிநாட்டவர் ஒருவருக்கு விளக்குவது. இருபது பேர், ஆளுக்கு 5,000, ஒரு லட்சம் சீட்டு. யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்கு அந்த மாதம் பணம். தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பிரியும். நமக்கு மூச்சு விடுவது போன்ற விஷயம், இங்கிலீஷில் சொல்லப் போனால் வேர்க்கும். கேட்பவர் விடமாட்டார்: ஒரு லட்சத்தை ஏன் எண்பதாயிரத்துக்குக் கேட்கிறார்கள்? நடத்துகிறவர் ஓடிவிட்டால்? பதிவு செய்த சீட்டுக்கு 1982-லிருந்தே மத்தியச் சட்டம் இருக்கிறது, நடத்துகிறவரின் கமிஷனை 2019-ல் 5 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்த்தினார்கள், தெருவில் அக்கா பிடிக்கும் சீட்டுக்கு அக்காதான் சட்டம். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் தாண்டிவிடும். லட்சம் என்றால் கேட்பவருக்குப் புரியாது, ‘ஹன்ட்ரட் தவுசண்ட்’ என்று மாற்ற வேண்டும். பத்து லட்சம் பீஸ் ஆர்டரை ‘ஒன் மில்லியன்’ என்று வெளிநாட்டு பையரிடம் சொல்லப் போகிற, கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு அந்தப் பழக்கம் சம்பளத்திலேயே தெரியும். இங்கே சொல்கிறவருக்குத்தான் எல்லாம் தெரியும், கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. நம் வகுப்புகளில் மாணவருக்கு அந்த இடம் எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டவர் கிடைக்கவில்லையென்றால் பரவாயில்லை, வகுப்பில் சீட்டே கட்டாத கல்லூரிப் பிள்ளை ஒருவர் அந்த வேலையைச் செய்வார்.

ஆகப் பத்துப் பேருக்கு மேல் கலந்து உட்காரும் வகுப்புக்குக் கற்பனைக் குடும்பம். தனியாகவோ இரண்டு பேராகவோ வருபவர்களுக்குத் தாள். நடுநிலை தாண்டியவர்களுக்குச் சீட்டு விளக்கம். கேள்விப் பட்டியல் தேர்வு எழுதுபவருக்கு, அதுவும் கடைசி இரண்டு வாரத்தில், கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு. அப்போதும் ‘நீங்கள் எவ்வளவு சேமிக்கிறீர்கள்’ என்று தொடங்காமல் ‘உங்கள் ஊரில் ஆட்கள் எதற்குப் பணம் சேர்க்கிறார்கள்’ என்று தொடங்குங்கள். தேர்வின் மூன்றாம் பகுதியில் வருவதும் அந்த மாதிரிக் கேள்விகள்தான்.