ஆக்டினோமைசினா, தயோயுரிடினா?

கோலாலம்பூரில் முதுகலை ஆய்வு செய்யும் தங்கை ஒருத்தி, பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை கேட்டது இதைத்தான்: டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்த செல்களில், சிசிஎல்2 என்ற அழற்சி மரபணுவின் எம்ஆர்என்ஏ (புரதம் செய்ய உதவும் மரபணுப் படி) எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்பதை எதை வைத்து அளப்பது? புது ஆர்என்ஏ உருவாகும் படியெடுப்பை நிறுத்தும் ஆக்டினோமைசின் டியா, புது ஆர்என்ஏவில் அடையாளமாகச் சேரும் 4-தயோயுரிடினா?

செலவு: ஆக்டினோமைசின் டிக்கு ஆர்என்ஏ அளவைக் காட்டும் சாதாரண கியூபிசிஆர் சோதனை போதும். 4-தயோயுரிடினுக்குப் பெரும்பாலும் ஆர்என்ஏ வரிசையறிதல் வேண்டும், பணம் கரையும்.

சிரமம்: முன்னதில் ஆக்டினோமைசினைச் செல்களில் சேர்த்து, குறித்த நேரங்களில் செல்களை எடுத்தால் சரி. பின்னதற்கு வெளிச்சம் ஆகாது. குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றியே வைக்க வேண்டும்.

நம்பகம்: இங்கேதான் கவனம் தேவை. டெக்சாமெத்தசோன் பற்றிக்கொள்ளும் குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி என்ற புரதம் எம்ஆர்என்ஏவின் மேலேயே அமர்ந்து, பிஎன்ஆர்சி2, யுபிஎஃப்1 புரதங்களை வரவழைத்து அதைச் சிதைக்கும். அப்புறம், டிடிபி என்ற சிதைப்புப் புரதத்தின் மரபணுவையும் தூண்டிவிடும். ஆக்டினோமைசின் படியெடுப்பையே நிறுத்திவிடுவதால், அதை டெக்சாமெத்தசோனோடு ஒன்றாகக் கொடுத்தால் இந்த இரண்டாவது வழி கண்ணில் படாது. தயோயுரிடினில் செல் தன் போக்கில் இயங்கும். அளவு மிஞ்சினால் மட்டும் அதுவும் செல்லை வாட்டும்.

ஒரே எம்ஆர்என்ஏ, நேரடிச் சிதைவு என்றால் ஆக்டினோமைசின். டிடிபி வழியும் சேர்த்து என்றால், கடன் வாங்கியாவது தயோயுரிடின்தான். தங்கைக்கும் அதையே சொன்னேன்.