அளவெடுத்துச் செய்யும் தொப்பி: கம்பளியா, முயலா, பீவரா, பனாமாவா?

தொப்பி செய்யச் சொல்லப் போகிறவர்கள் ஃபெடோராவா பவுலரா என்று வடிவத்தைப் பற்றித்தான் முதலில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். முதலில் தீர்மானிக்க வேண்டியது பொருளை.

யார் தலையும் சீரான நீள்வட்டம் இல்லை. ஒரு பக்கம் புடைத்திருக்கும், இன்னொரு பக்கம் தட்டையாக இருக்கும். லண்டனில் 1676 முதல் இயங்கும் லாக் அண்ட் கோ கடையில் இதற்காகவே 'கான்ஃபார்மேட்டர்' என்ற பிரெஞ்சுக் கருவியைத் தலையில் மாட்டுகிறார்கள். அது தலையின் வடிவத்தைச் சிறிதாக்கி ஒரு காகிதத்தில் துளைகளாகக் குத்தித் தரும்.

இவ்வளவு நுணுக்கமாக அளவெடுத்து ஆட்டுக் கம்பளி ஃபெல்டில், அதாவது நெய்யாமல் மயிரை அழுத்திப் பிணைத்த துணியில், செய்தால் பணம் வீண். மழையில் நனைந்தால் சுருங்கும், விளிம்பு தொங்கிவிடும். கம்பளிதான் வேண்டுமென்றால் ஆயத்தத் தொப்பியே போதும்.

உண்மையான போட்டி முயல் மயிருக்கும், பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் மயிருக்கும்தான். பீவரின் அடிமயிரில் நுண்ணிய செதில்கள் உண்டு. நீராவியும் அழுத்தமும் பட்டால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதனால் ஃபெல்ட் மெல்லியதாகவும் இறுக்கமாகவும் அமையும், மழைக்கும் அசையாது. இந்த மயிருக்காகவே வட அமெரிக்காவில் பீவர் இனம் ஏறக்குறைய அழியும் அளவுக்கு வேட்டையாடப்பட்டது. முயல் மயிர் அவ்வளவு எளிதில் பிணையாது. அதைப் பிணையவைக்கப் பாதரச நைட்ரேட் பூசினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, மனமும் பேதலித்தது. அமெரிக்காவில் 1941இல்தான் அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. இன்று வேறு ரசாயனங்கள் வந்துவிட்டன.

இன்றைய நல்ல முயல் ஃபெல்ட் பெரும்பாலோருக்குத் தாராளமாகப் போதும் என்பேன். மர அச்சில் நன்றாகப் படியும், விலையும் குறைவு. அடிக்கடி மழையில் நடப்பவர் மட்டும் பீவருக்குச் செலவழிக்கலாம். தரத்தைக் காட்டுவதாகத் தொப்பியின் உள்ளே அச்சிட்டிருக்கும் 'எக்ஸ்' (X) குறிகளை எண்ணி ஏமாற வேண்டாம். அவற்றுக்குப் பொதுவான தரக்கணக்கு கிடையாது. பீவர் எத்தனை சதவீதம் என்று நேராகக் கேளுங்கள்.

வெயிலுக்கு இவை எதுவும் ஆகாது. அங்கே பனாமா என்ற பின்னல் தொப்பிதான். ஈக்வடாரில், பனையைப் போலிருந்தாலும் பனையல்லாத ஒரு செடியின் இளங்குருத்தைக் கிழித்துப் பின்னுகிறார்கள். இந்தப் பின்னல் கலையை யுனெஸ்கோ 2012இல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டின் மான்டெக்ரிஸ்தி ஊரின் மிக நுண்ணிய ரகத்தைப் பின்ன மாதக்கணக்கில் ஆகும், விலையும் அதற்கேற்ப ஏறும். காற்றோட்டத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் இழை காய்ந்தால் முறியும். கடைக்காரர் சுருட்டிக் காட்டினாலும் நீங்கள் சுருட்டாதீர்கள். உச்சியைக் கிள்ளித் தூக்காமல் விளிம்பைப் பிடித்தே எடுங்கள்.