கார்பன் தகடா, நுரையா? மாரத்தான் காலணிகள்: ஓர் ஒப்பீடு

மாரத்தான் ஓட்டத்துக்குக் காலணி வாங்கப் போகிறவர் இன்று மூன்று வகைகளுக்கிடையே தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. தடித்த மென்நுரைக்குள் வளைந்த கார்பன் இழைத் தகடு பதித்த பந்தயக் காலணி ஒன்று. அதே தரமான நுரை இருந்தும் தகடு இல்லாத, அல்லது கார்பனுக்குப் பதில் நைலான் தகடு வைத்த காலணி இன்னொன்று. பத்தாண்டுகளுக்கு முன்புவரை எல்லாப் பந்தயங்களிலும் கோலோச்சிய, மெல்லிய அடிப்பாகமும் குறைந்த எடையும் கொண்ட பழைய பாணிக் காலணி மூன்றாவது. விளம்பரங்கள் இவற்றைப் பிரிக்கும் கோடாகக் கார்பன் தகட்டையே காட்டுகின்றன. ஆய்வகங்களில் கிடைத்த அளவீடுகளை வைத்துப் பார்த்தால், அந்தக் கோடு தவறான இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். வேகத்தில் பெரும்பங்கு நுரையினுடையது. பெயரைத் தட்டிக்கொண்டு போனது தகடு.

இக்காலணிகள் கடைக்கு வருவதற்கு முன்பே பதக்கம் வெல்லத் தொடங்கிவிட்டன. 2016 ரியோ ஒலிம்பிக் ஆடவர் மாரத்தானில் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களும் நைக்கியின் முன்மாதிரிக் காலணிகளை அணிந்திருந்தது பின்னரே தெரியவந்தது. 2017 மே மாதம் இத்தாலியின் மோன்சா கார் பந்தயத் தடத்தில் எலியுட் கிப்சோகே, சாதனைப் பட்டியலில் சேராத ஒரு தனி முயற்சியில், 2:00:25 நேரத்தில் மாரத்தான் தூரத்தைக் கடந்தார்; அதே ஆண்டு 'வேப்பர்ஃப்ளை 4%' என்ற பெயரில் அக்காலணியின் கடைப் பதிப்பு 250 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. பெயரிலேயே ஒட்டிக்கொண்ட அந்த 4 சதவீதம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் வவுட்டர் ஹூக்கமர், ரோஜர் கிராம் ஆகியோர் நடத்திய சோதனையிலிருந்து வந்தது. நைக்கியின் நிதியில் நடந்த சோதனைதான் என்றாலும், பிற ஆய்வகங்களும் பின்னர் இதே போக்கைக் கண்டன.

அச்சோதனையில் 18 ஓட்டக்காரர்கள் டிரெட்மில்லில் மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகங்களில் ஓட, அவர்கள் மூச்சில் செலவான ஆக்சிஜனைக் கொண்டு உடல் செலவிட்ட ஆற்றல் கணக்கிடப்பட்டது. போட்டிக்கு வைக்கப்பட்டவை இரண்டு: நைக்கியின் பழைய மெல்லிய காலணியான ஸ்ட்ரீக் 6, அடிடாஸின் ஆடியோஸ் பூஸ்ட் 2. 2014இல் டென்னிஸ் கிமெட்டோ பெர்லினில் 2:02:57 என்ற உலகச் சாதனையைப் படைத்தது ஆடியோஸ் பூஸ்ட் வரிசைக் காலணியில்தான் என்பதால், எதிராளி சாமானியமானதன்று. மூன்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்த பிறகும் புதிய காலணியில் சராசரியாக 4 சதவீத ஆற்றல் மிச்சமானது. நுரைகளைத் தனியே எந்திரத்தில் அமுக்கிப் பார்த்தபோது, தந்த ஆற்றலில் வேப்பர்ஃப்ளை சுமார் 87 சதவீதத்தையும், பூஸ்ட் 76 சதவீதத்தையும், ஸ்ட்ரீக் 66 சதவீதத்தையும் திருப்பிக் கொடுத்தன. அதற்கும் மேலாக, அதே சுமைக்கு வேப்பர்ஃப்ளை மற்றவற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு அமுங்கியது. அதிகம் அமுங்கி, அதிகம் திருப்பிக் கொடுப்பது இரட்டை ஆதாயம்.

ஆற்றலில் 4 சதவீதம் மிச்சமானால் நேரத்திலும் 4 சதவீதம் குறையும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள், அது சரியாகாது. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதைவிட விரைவாகக் கூடுவதால், முன்வரிசை வீரருக்கு ஆற்றல் மிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வேகமாக மாறுகிறது. 2 மணி 5 நிமிடத்தில் ஓடுபவருக்கு அது மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். கிமெட்டோவின் 2:02:57க்கும், 2023இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் ஓடிய 2:00:35க்கும் உள்ள இடைவெளி 142 வினாடி, அதாவது 2 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஓடியவர்கள் வேறு, தடங்கள் வேறு என்றாலும் கணக்கு வெகுதூரம் விலகவில்லை. மகளிர் பிரிவில் மாற்றம் இன்னும் பெரிது. பவுலா ராட்கிளிஃப் 2003இல் வைத்த 2:15:25 பதினாறு ஆண்டுகள் அசையாமல் நின்று, 2019இல் பிரிஜிட் கோஸ்கேயின் 2:14:04க்கு வழிவிட்டது. 2023இல் பெர்லினில் டிக்ஸ்ட் அசெஃபா, 138 கிராம் மட்டுமே எடையுள்ள, 500 டாலர் விலையுள்ள அடிடாஸ் காலணியில் அதை 2:11:53க்கு இறக்கினார். காலணி ஒவ்வொன்றிலும் 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு சுமார் 1 சதவீதம் ஏறும் என்பது பழைய அளவீடு. அந்த எடைக் குறைப்புக்குத்தான் அவ்வளவு விலை.

இனி தகட்டுக்கு வருவோம். தகடு ஸ்பிரிங் போல வளைந்து ஓடுபவரை முன்னே உந்துகிறது என்பது பரவலான நம்பிக்கை. தகட்டில் சேரும் ஆற்றல், நுரையில் சேரும் ஆற்றலோடு ஒப்பிட மிகச் சிறியது. தகடு உண்மையில் செய்வது வேறு: பெருவிரல் மூட்டு மடங்கும்போது வீணாகும் ஆற்றலைக் குறைக்கிறது, கணுக்காலின் வேலையைச் சற்று எளிதாக்குகிறது. இந்தப் பங்கு எவ்வளவு என்று அறிய, ஹூக்கமர் பின்னர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் லாரா ஹீலியுடன் சேர்ந்து எளிமையான, ஆனால் துணிச்சலான ஒரு காரியம் செய்தார்: வேப்பர்ஃப்ளை காலணியின் முன்பாதப் பகுதியில் தகட்டைக் குறுக்காக ஆறு இடங்களில் அறுத்துவிட்டு, அறுக்காத காலணியோடு ஒப்பிட்டார். காலணி எளிதில் வளையத் தொடங்கியது. ஆற்றல் செலவோ சுமார் அரை சதவீதமே மாறியது, புள்ளியியல் நோக்கில் அது வேறுபாடே இல்லை.

இதை வைத்துத் தகடே வீண் என்று தீர்ப்பெழுதுவது அவசரம். அறுக்கப்பட்ட தகடும் குதிகால் பகுதியில் முழுசாகவே இருந்தது. காலணியின் முன்பக்க வளைவும் அப்படியே இருந்தது. நாற்பது மில்லிமீட்டர் உயரமுள்ள மென்நுரையைத் தனியே விட்டால் மெத்தைமேல் ஓடுவதுபோலக் கால் தள்ளாடும். அந்த நுரைக்கு ஒழுங்கும் நிலைப்பும் தருவதே தகட்டின் முதல் வேலை என்று எடுத்துக்கொள்ளலாம். தகடு இருந்தால் மட்டும் போதாது என்பதை வேறொரு சோதனை இன்னும் தெளிவாகக் காட்டியது. டெக்ஸாஸில் டஸ்டின் ஜோபர்ட் கார்பன் தகடு வைத்த ஏழு காலணிகளை, தகடில்லாத சாதாரண நுரைக் காலணி ஒன்றோடு மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் ஒப்பிட்டார். நைக்கியின் இரண்டு காலணிகளும் அசிக்ஸ் மெட்டாஸ்பீட் ஸ்கையும் சுமார் 2.5 முதல் 3 சதவீதம் வரை மிச்சப்படுத்தின. சாக்கனியும் நியூ பேலன்ஸும் அதில் பாதி. அந்த ஆண்டின் ஹோக்கா ராக்கெட் எக்ஸும் புரூக்ஸ் ஹைப்பீரியன் எலைட் 2உம் சாதாரணக் காலணியிலிருந்து வேறுபடவே இல்லை. கடைசி இரண்டிலும் இருந்தது, சாதாரண ஓட்டக் காலணிகளில் நெடுநாளாக வரும் இ.வி.ஏ. வகையைச் சேர்ந்த நுரை. இரு நிறுவனங்களும் பின்னர் நுரையை மாற்றிவிட்டன. பழைய இருப்பைத் தள்ளுபடியில் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் இரண்டாம் வகை எங்கே நிற்கிறது? சாக்கனியின் என்டார்ஃபின் ஸ்பீடில், அதன் கார்பன் அண்ணனில் உள்ள நுரையே நைலான் தகட்டுடன் வருகிறது. அடிடாஸின் ஈவோ எஸ்எல்லில் பந்தயக் காலணியின் நுரை இருக்கிறது, அதில் தகட்டுக்குப் பதிலாக வரும் கார்பன் கம்பிகள் இல்லை. அசிக்ஸ் சூப்பர்பிளாஸ்டின் அடிப்பாகம் 45 மில்லிமீட்டரைத் தொடுவதால், 40 மில்லிமீட்டர் உயரமும் ஒரே ஒரு விறைப்பான தகடும் என்று உலகத் தடகள அமைப்பு 2020இல் விதித்த எல்லையை அது மீறுகிறது. பரிசுத்தொகைக்கு ஓடாதவருக்கு அது கவலையன்று; ஆனால் 2021 வியன்னா மாரத்தானில் முதலாவதாக வந்த டெராரா ஹுரிசா, அடிப்பாகம் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்ததற்காகத் தகுதி இழந்தார். இவ்வகை வளைந்துகொடுக்கிறது, விலை குறைவு, அன்றாடப் பயிற்சிக்கும் உதவுகிறது. மூன்றாம் வகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: தரையைக் கால் உணரும், திருப்பங்களில் நிலையாக நிற்கும், ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இன்றும் பொருந்தும், மாரத்தானின் கடைசிப் பத்து கிலோமீட்டரில் கெண்டைக்கால் தசையிடம் கேட்டால் அதன் பதில் வேறாக இருக்கும்.

நம்மில் பெரும்பாலோருக்கு முக்கியமான கேள்வி, மெதுவாக ஓடுபவருக்கு இவற்றால் என்ன பயன் என்பதே. ஜோபர்ட் மணிக்கு 12 கிலோமீட்டரிலும் 10 கிலோமீட்டரிலும் வேப்பர்ஃப்ளையைச் சோதித்தபோது மிச்சம் முறையே 1.4, 0.9 சதவீதமாகச் சுருங்கியது. மூன்றரை மணி நேர ஓட்டக்காரருக்கு அது ஏறத்தாழ மூன்று நிமிடம், நான்கு மணி நேரக்காரருக்கு இரண்டு நிமிடம். ஆளுக்கு ஆள் வேறுபாடும் பெரிது. உலகத் தரமான கென்ய வீரர்களைச் சோதித்த ஓர் ஆய்வில் சிலருக்கு 11 சதவீதம் வரை ஆதாயம் கிடைக்க, சிலருக்கு அதே அளவு நட்டமும் தென்பட்டது. ஒரே சோதனையில் ஒருவருக்கு வந்த எண்ணில் அளவீட்டுப் பிழையும் கலந்திருக்கும் என்பதால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் சராசரியை மட்டும் பார்த்து வாங்குவது சூதாட்டம் என்பதற்கு அது போதும்.

ஆகவே என் தேர்வு இப்படி அமைகிறது. மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடுபவர், பந்தயத்துக்கென்று தனிக் காலணி வைத்துக்கொள்ள முடிந்தவர், நல்ல நுரையுள்ள கார்பன் காலணியையே வாங்கலாம். அவருக்கு மற்ற இரு வகைகளும் ஈடாகா. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவருக்கு இரண்டாம் வகையே மேல். பாதத்தின் நடுவிலுள்ள படகு வடிவ எலும்பில் அழுத்தக் காயம் ஏற்பட்ட ஐந்து பேரைப் பற்றி 2023இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஐவரும் கார்பன் தகட்டுக் காலணியில் ஓடியவர்கள். ஐந்து பேரை வைத்துக் காரணம் நிறுவ முடியாது, ஆனால் இக்காலணிக்குப் படிப்படியாகத்தான் மாற வேண்டும் என்ற அவர்களின் அறிவுரையைத் தட்டுவதற்கும் காரணமில்லை. நுரையின் ஆயுளும் குறைவு: வேப்பர்ஃப்ளை போன்ற பந்தயக் காலணிகளில் வரும் மென்நுரை வகையான பெபா நுரையில் செய்த காலணி, 450 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தபின், ஆற்றல் மிச்சத்தில் சாதாரண இ.வி.ஏ. காலணியின் நிலைக்கே இறங்கிவிட்டதை ஓர் ஆய்வு காட்டியது, இ.வி.ஏ. காலணியோ அத்தனை தூரத்திலும் மாறவில்லை. வாரத்துக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுபவர் அந்த 450ஐ மூன்று மாதத்துக்குள் தொட்டுவிடுவார். ஒரே ஜோடியில் பயிற்சியையும் பந்தயத்தையும் முடித்துக்கொள்ள நினைப்பவர், எந்த நுரைக்காகக் கூடுதல் பணம் கொடுத்தாரோ அதன் பலனைப் பந்தய நாளுக்கு முன்பே பயிற்சியில் செலவழித்திருப்பார்.