போன் பற்றரி மாத்தப் போறவை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ, எனக்கு 16,500 போச்சு

இப்பதான் சுன்னாகத்தால வந்தனான், கோவம் ஆறமுதல் எழுதிப்போட்டுப் படுக்கிறன். கடைப் பேர் போடேல்ல, போட்டா நாளைக்கு அது வேற பிரச்சினை. ரவுணுக்குள்ள ஏசி பூட்டின ஒரு போன் திருத்திற கடை, அவ்வளவுதான்.

அண்ணா கனடாவில இருந்து வரேக்க கொண்டுவந்து தந்த ஐபோன் எக்ஸ்ஆர். 2018இல வந்த மொடல், பழசுதான். பற்றரி ஹெல்த், அதுதான் புதுசில இருந்ததில எவ்வளவு மிச்சமெண்டு செட்டிங்ஸில காட்டுற வீதம், 74, வாட்ஸ்அப் திறக்கவே ஆடி அசைஞ்சுதான் திறக்கும், 30 வீதத்தில சொல்லாமக் கொள்ளாம ஓஃப் ஆயிடும். அப்டேட் போட்டு வேணுமெண்டே ஸ்லோவாக்கிறாங்கள் எண்டு ஊரெல்லாம் சொல்லுவினம், அதில பாதிதான் சரி. பற்றரி பழசாகினா போன் கேக்கிற நேரம் கரண்டைக் குடுக்க ஏலாது, போன் டக்கெண்டு நிண்டிடும், நிக்காம இருக்கத்தான் சொவ்ட்வெயர் வேகத்தைக் குறைக்குது எண்டு ஆப்பிளே 2017 டிசம்பரில ஒத்துக்கொண்டது. ஆக்களுக்குச் சொல்லாமச் செய்ததுக்கு பிரான்சில 2020இல 25 மில்லியன் யூரோ தண்டம் அடிச்சவை. அப்ப நல்ல பற்றரி போட்டா வேகம் திரும்ப வரும். இவ்வளவும் தெரிஞ்சுகொண்டு போய்த்தான் ஏமாந்தனான், அதுதான் வயித்தெரிச்சல்.

கடைப் பெடியன் வடிவாத்தான் கதைச்சவன். "அக்கா, லோக்கல் 7,000, ஒரிஜினல் 16,500. லோக்கல் போட்டா செட்டிங்ஸில இது கம்பனிப் பற்றரி இல்லையெண்டு காட்டும், பிறகு என்னைப் பேசாதேங்கோ." இப்பிடிச் சொல்லுறவனை ஆர் சந்தேகப்படுவினம்? முக்கால் மணித்தியாலத்தில முடிச்சு, செட்டிங்ஸைத் திறந்து போனை என்ர பக்கம் திருப்பிக் காட்டினான், 100. அந்த 100ஐக் கண்டதோட எனக்கு வேற ஒண்டும் கேக்கத் தோணேல்ல, 16,500ஐயும் எண்ணிக் குடுத்திட்டன். பழசைத் தாங்கோ எண்டு மட்டும் கேட்டனான். "அது வெடிக்கும் அக்கா, வீட்டை கொண்டு போகாதேங்கோ, நாங்களே எறியிறம்." அக்கறையெண்டு நினைச்சன், விசரி.

ரெண்டு கிழமை போகேல்ல, 40இல ஓஃப். அம்மா அண்ணாவோட வீடியோவில கதைச்சுக்கொண்டிருக்கேக்க ரெண்டு தரம் நிண்டது. திரும்பவும் அதே ஸ்லோ, ஆனா ஹெல்த் மட்டும் அசையாம 100. கொண்டு போனா, ஒருக்கா முழுசா இறக்கி ஏத்துங்கோ எண்டான். அடுத்த தரம் அப்டேட்டில பிழை. மூண்டாம் தரம் ஆள் கொழும்புக்குப் போட்டாராம், நிண்ட மற்றவன் போனை வாங்கிக்கூடப் பாக்காம, "பழைய போன்தானே அக்கா, எங்களிட்ட எக்ஸ்சேஞ் இருக்கு" எண்டுறான்! 16,500 வாங்கேக்க பழசெண்டு தெரியேல்லையோ? பில் எங்கை எண்டு வேற கேட்டான், தந்தாத்தானே இருக்கும், கடை சீல் குத்தின ஒரு துண்டுதான் தந்தவை.

இண்டைக்குச் சுன்னாகத்தில தெரிஞ்ச பெடியனிட்டக் குடுத்துத் திறந்து பாத்தம். ஸ்கிறீன் ஒரு ஓரத்தால ஏற்கனவே கிளம்பியிருந்தது, பற்றரி ஊதிப்போச்சு. மஞ்சள் டேப்பை உரிச்சுக் காட்டினான், உள்ளுக்க ஈயம் வச்ச அடையாளம். என்ர பழைய பற்றரியில அதின்ர விபரத்தைப் போனுக்குச் சொல்லுற சின்ன போர்டை வெட்டியெடுத்து ஒரு மலிவு செல்லோட ஒட்டியிருக்கிறாங்கள், அப்பதான் போன் தன்ர பற்றரியெண்டு நம்பும், எச்சரிக்கையும் வராது. 100 எண்டது மெசினில எழுதின இலக்கமாம். பழசை ஏன் தரேல்லையெண்டு இப்பதான் விளங்குது, அதுக்குள்ளதானே இருக்குது!

சரி, கெதியாச் சொல்லுறன். ஹெல்த் 100 எண்டு காட்டினா நம்பாதேங்கோ. உங்களுக்கு முன்னால வச்சுத் திறக்கச் சொல்லுங்கோ, பழைய பற்றரியை முழுசாக் கண்ணால பாருங்கோ. என்ன போட்டதெண்டு எழுதின பில் வாங்குங்கோ. ஸ்கிறீன் கிளம்பினா அமத்திப் பூட்டப் பாக்காதேங்கோ, சார்ஜில போடாதேங்கோ, ஓஃப் பண்ணிக் குடுங்கோ. பாவனையாளர் அதிகாரசபையின்ர 1977 நம்பருக்கு விடியவே கோல் அடிக்கப் போறன், பில் இல்லாம என்ன சொல்லுவினமோ தெரியாது.

அண்ணாவுக்கு இன்னும் சொல்லேல்ல, 16,500 எண்டா பேசுவார்.